தூக்கத்தில் சொன்ன நிறம்

ரயில் நிலையத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போனால், மாடியில்லாத நீளக் கட்டடம் ஒன்று இருக்கிறது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே காலை வைத்தால் கண் தெரியாது. ஜன்னலுக்கெல்லாம் கனத்த கறுப்புத் திரை. நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் ஒருவர் புரண்டால் அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டு காலையில் வந்து சேரும் டிரைவர்களும் அவர்களுடைய அசிஸ்டெண்டுகளும் பகல் முழுக்க அங்கே தூங்கி, சாயங்கால வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். ரன்னிங் ரூம் என்று அதற்குப் பெயர். ஓடுகிறவர்கள் ஓடாமல் கிடக்கிற இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று அலாரம்மாவுக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

அலாரம்மா என்பது டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர். அவர்களை எழுப்புவதுதான் அவள் வேலை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வண்டி. கடிகாரத்தில் மணி அடித்தால் ஒருவருக்காகக் கட்டடமே எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால் ஒருவரை மட்டும் எழுப்ப ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவள் செருப்பில்லாமல் போய்க் கதவில் இரண்டு விரலால் தட்டுவாள். "ஐயா, நேரமாச்சு" என்பாள். பக்கத்து அறைக்காரரின் குறட்டைகூட அதற்கு அறுபடாது. எழுந்தவர், எழுப்பிய நேரம் குறிக்கிற கால் புக் என்ற நோட்டில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் அவர் வேலைக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. மற்ற நேரத்தில் நடையைத் துடைப்பாள், விரிப்பு மாற்றுவாள், பிளாஸ்க்கில் டீ நிரப்பி வைப்பாள்.

எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள். நாலு பேர் நடுவில் பேச வராது. வாயைத் திறக்க அவள் தைரியம் திரட்டுவதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில், "உன் அண்ணிக்கு வாய் இருக்கா இல்லையான்னு சோறு போட்டாத்தான் தெரியுது" என்று மாமியார் தன் மகளிடம் சொல்வாள். இப்படிப்பட்டவளுக்கு, யாரும் வாய் திறந்து பேசக் கூடாத இடத்தில் வேலை கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் நடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடப்பக்க அறையிலிருந்து ஒரு குரல், "பச்சை" என்றது.

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கையை நிறுத்தினாள். அப்போது நடையின் அந்தக் கோடியில் வேறொரு அறையிலிருந்து இன்னொரு குரல், "பச்சை" என்றது.

பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். கொஞ்சம் பொறுத்து முதல் குரல், "மஞ்சள்." கோடி அறைக்குரல், "மஞ்சள்."

இரண்டு பேரும் வேறு வேறு ஊர், வேறு வேறு வண்டி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. துடைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து வெயிலில் நின்றாள். கை ரோமம் குத்திட்டிருந்ததைக் கண்டு வாட்ச்மேன் சிரித்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. தூக்கத்துல வண்டி ஓட்டுறாங்க. போகப் போகப் பழகிடும்."

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா?"

"அதை யாரு உள்ள போய்ப் பார்த்தா?"

என்ஜினில் அப்படித்தான் வழக்கம் என்று அவள் பிறகு தெரிந்துகொண்டாள். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்து, அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் கண்ணும் இரண்டு பேர் வாயும் ஒத்துப்போனால்தான் வண்டி போகலாம். ஒத்துப்போகாவிட்டால் அது சிவப்பு என்றே வைத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், உடம்பு படுத்தாலும் படுப்பதில்லை.

பதில் வராத குரல்களும் உண்டு. ஒருவர் "பச்சை" என்பார். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். திரும்ப "பச்சை" என்பார், சத்தம் கூடும். கட்டில் ஆடும். நாய்க்கு இரைக்கிற மாதிரி மூச்சு இரைக்கும். ஒரு தடவை அப்படி ஒருவர் தவித்ததைத் தாங்க முடியாமல், கதவில் வாயை வைத்து அவளே மெதுவாக, "பச்சை" என்றாள். உள்ளே ஒரு பெருமூச்சு. கட்டில் அடங்கியது. அன்றிலிருந்து பதில் இல்லாத குரலுக்கு அவள் பதில் சொல்லிவிடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நாலு பேர் நடுவில் பேச வராதவளுக்கு, தூங்குகிறவர்களோடு பேச வந்தது.

அவளுடைய நாத்தனார் இந்தத் தொழிலுக்கு வந்தது அதற்கு ரொம்ப வருஷம் கழித்து. அலாரம்மா கல்யாணமாகி வந்தபோது அவள் பென்சிலைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த குழந்தை. வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். தலை பின்னிவிட்டது முதல் காய்ச்சலுக்கு மடியில் போட்டுக்கொண்டது வரை அண்ணிதான். சின்னவள் பள்ளி முடித்து ஃபிட்டர் வேலை படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ரயில்வேயில் அசிஸ்டெண்ட் டிரைவருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் வீடு இரண்டாகப் பிரிந்தது.

"பொம்பளப் பிள்ளை இஞ்சின்ல ஏறுனா யாரு கட்டிப்பான்?" என்றாள் மாமியார்.

பஸ் கண்டக்டரான அண்ணன் சிரித்தார். "தண்டவாளத்துல போறவ வழி தப்பமாட்டாம்மா. டிக்கெட் கிழிச்சுக் கிழிச்சு என் விரல்தான் தேஞ்சுபோச்சு. அவளாவது பெரிய வண்டில போகட்டும்."

எழுத்துப் பரீட்சையில் தேறினாள். அடுத்தது மெஷின் பரீட்சை. திரைக்கு முன்னால் உட்கார வைத்து விளக்கு விளக்காக மின்னவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். "வேகமா அழுத்தினா மட்டும் போதாது அண்ணி. அழுத்தக் கூடாதப்ப கையை அடக்கணும். அங்கதான் பாதிப் பேரு காலி" என்றாள் வந்து. அதையும் தாண்டினாள். மிச்சம் கண் பரீட்சை. புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். அது முடிந்ததும் இருட்டறையில் உட்கார வைத்து, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெளிச்சத்தைத் தூரத்தில் காட்டுவார்கள். அதன் நிறத்தைச் சட்டென்று சொல்ல வேண்டும்.

அதற்கு அண்ணிதான் துணை. டார்ச் விளக்கின் முகத்தில் மிட்டாய்க் காகிதத்தைச் சுற்றி, விளக்கணைத்த வீட்டின் ஒரு கோடியில் நிற்பாள். சின்னவள் மறு கோடியில், அடுப்பங்கரை வாசற்படியில். அண்ணி காட்டுவாள், நாத்தனார் சொல்லுவாள். சில சமயம் அண்ணி உள்ளங்கையால் டார்ச்சை மூடிக்கொண்டு சும்மா நிற்பாள். அப்போது, "ஒண்ணும் இல்லை" என்று சொல்ல வேண்டும்.

"இது எதுக்குடி?"

"இல்லாததைப் பார்க்கிறவளும் ஃபெயில் அண்ணி."

கண் பரீட்சையிலும் தேறினாள். பயிற்சிப் பள்ளி, பிறகு யார்டில் பெட்டி கோர்க்கிற வேலை, பிறகு சரக்கு வண்டி என்று போய், கடைசியில் பயணி வண்டிக்கு அசிஸ்டெண்ட் ஆனாள். வேலை தூரத்து ஊரில். ஆனால் அவள் வண்டி வந்து நின்று திரும்புவது இங்கே. சொந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தும், ஓய்வு ரன்னிங் ரூமில்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. நடையின் கோடி அறை பெண்களுக்கு. அவளைத் தவிரப் பெண்கள் யாரும் வராததால் அது அவளுடைய அறையாகவே ஆகிப்போனது.

அவளுடைய டிரைவரை எல்லோரும் விசில்காரர் என்பார்கள். கேட் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே விசிலை அழுத்திப் பிடிக்கிறவர். மாடு, நாய், சைக்கிள்காரன், எல்லாரும் ஓரம் போன பிறகும் விடமாட்டார். தலை நரைத்த, தன்மையான மனிதர். எழுப்பினால் "நன்றிம்மா" என்று சொல்லுகிற ஒரே டிரைவர். சின்னவளைத் தன் மகள் மாதிரி நடத்தினார். கோடி அறையை ஒட்டிய அறை அவருடையது.

புதுசாக வேலைக்கு வந்த பையன்கள் வாசல் பெஞ்சில் டீ குடிக்கும்போது அவரிடம்தான் சம்பளக் கதையைக் கேட்பார்கள்.

"சார், டிரைவர் ஆனா கையில எவ்வளவு வரும்?"

"பேசிக் பத்திக் கேக்காதே. அது மாமனார்கிட்ட சொல்றதுக்கு. நிஜச் சம்பளம் சக்கரத்துல இருக்கு. ஓடின தூரத்துக்கு மைலேஜ். ராத்திரி ஓடினா தனி. இங்க வந்து தூங்குறதுக்கும் ஒரு படி உண்டு."

"தூங்குறதுக்குமா?"

"ஆமாம்பா. தூங்குறதுக்குச் சம்பளம் வாங்குறவன் உலகத்துல நாம மட்டும்தான். ஆபீஸ்ல தூங்குறவனைச் சேர்க்காதே."

பையன்கள் சிரித்தார்கள். ஒருவன், "நாளைக்குக் கண்ணு கோளாறாயிட்டா சார்?" என்றான்.

விசில்காரர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார். "டார்ச் மேஜை" என்றார். அவர்கள் வண்டி புறப்படுகிற ஊரில், டெப்போவில் ஒரு மேஜை இருக்கிறது. வண்டிக்குப் போகிறவர்களுக்கு டார்ச்சும் கொடியும் எடுத்துக் கொடுக்கிற மேஜை. கண் பரீட்சையில் தவறிய பழைய டிரைவர் யாராவது அங்கே உட்கார்ந்திருப்பார். "பேசிக் மட்டும் வரும். சக்கரம் போச்சு. ஓடுற வரைக்கும்தான்பா டிரைவர்." பிறகு அவர் டீயைக் குடிக்கவில்லை. தின்பண்டம் வைத்த தட்டை அலாரம்மா எடுக்கப் போனபோது, ஆறிய டீயில் ஒரு எறும்பு மிதந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தாரா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

அந்த வருஷம் சின்னவள் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். "முன்னாடியெல்லாம் சிக்னலை அவர்தான் முதல்ல சொல்லுவார் அண்ணி. இப்ப எனக்கு விட்டுக் குடுக்கிறார். நான் பார்த்துச் சொன்னப்புறம்தான் அவர் சொல்றார். நான் சீக்கிரம் டிரைவர் ஆகணுமாம், கண்ணு பழகணுமாம்."

"நல்லவர்" என்றாள் அலாரம்மா. வேறு ஒன்றும் தோன்றவில்லை அப்போது.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் கோடி அறைப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சின்னவள் தூக்கத்தில், "மஞ்சள்" என்றாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் விசில்காரர், "பச்சை" என்றார்.

அலாரம்மாவின் கை நின்றது. வாளித் தண்ணீர் அசையாமல் இருந்தது.

"மஞ்சள்" என்றாள் சின்னவள், கொஞ்சம் உரக்க.

"பச்சை."

இத்தனை வருஷத்தில் அந்த நடையில் ஒரு குரல் தவறான பதில் சொல்லி அவள் கேட்டதில்லை. ஊர் தெரியாத, முகம் தெரியாத ஆட்கள்கூடத் தூக்கத்தில் ஒத்துப்போவார்கள். ஒரே என்ஜினில் அருகருகே உட்காருகிற இந்த இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை. சின்னவள் மூன்றாம் முறையும் சொன்னாள். குரலில் பயம் வந்திருந்தது. அலாரம்மா ஓடிப்போய்க் கதவில் வாயை வைத்து, "மஞ்சள், மஞ்சள்" என்று பதில் சொன்னாள். சின்னவள் அடங்கினாள். அடுத்த அறையில் விசில்காரர் தூக்கத்தில் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

வீட்டில் கண்டக்டர் புருஷனிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"தூக்கத்துல உளர்றதுக்கெல்லாம் கேஸ் போட்டா நாட்டுல ஒருத்தன் வேலையில இருக்கமாட்டான்" என்றார் அவர். "நான் தூக்கத்துல என்ன சொல்றேன்?"

"சில்லறை குடுங்கன்னு."

"பாரு. அது மட்டும் கரெக்டா வருது."

அவர் சிரித்துவிட்டுப் படுத்துவிட்டார். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. முன்னாடியெல்லாம் அவர்தான் முதல்ல சொல்லுவார் அண்ணி. அந்த வார்த்தை காதுக்குள் பூச்சி மாதிரி சுற்றியது. விழித்திருக்கும்போது அவர் சின்னவளைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறாரோ? தூங்கும்போது மட்டும் தான் பார்ப்பதைச் சொல்கிறாரோ? அப்படியென்றால் அந்த என்ஜினில் இருப்பது நாலு கண்ணில்லை. பின்னால் இத்தனை பெட்டி, இத்தனை ஜனம், முன்னால் இரண்டே கண். அதுவும் இந்த வீட்டுப் பெண்ணின் கண்.

இதை யாரிடம் சொல்வது? ஆபீசுக்குப் போய், "அவர் தூக்கத்துல தப்பு நிறம் சொல்றார்" என்றால் அவளை மேலும் கீழும் பார்ப்பார்கள். தப்பாக இருந்துவிட்டால் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பு போச்சு.

இப்படி அவள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் காலை சின்னவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள்.

"என்னடி சினிமாக்காரி மாதிரி?"

கண்ணாடியைக் கழற்றினாள். வலது கண் மூடிக்கொண்டு, உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. "வளைவுல தலையை வெளிய நீட்டிப் பின்பெட்டியைப் பார்த்தேன் அண்ணி. பூச்சி அடிச்சிடுச்சு."

"வா, டாக்டர்கிட்ட போலாம்."

"போனா உடம்பு சரியில்லைன்னு சிக் லிஸ்ட்ல போட்டுடுவாங்க. டிரைவர் ஆகறதுக்கு ஓட வேண்டிய தூரம் இந்த மாசத்தோட முடியுது. டிரைவர் பரீட்சைக்குப் பேரு போகப்போகுது. இப்ப படுத்தா வரிசையில கடைசில போய் நிக்கணும். மைலேஜும் போச்சு."

"அப்ப சிக்னலை யாரு பார்ப்பா?"

"எனக்கு ஒண்ணு இருக்கு, அவருக்கு ரெண்டு இருக்கு. மூணு கண்ணு போதாதா ஒரு வண்டிக்கு?" சின்னவள் சிரித்தாள். நல்ல கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

மூணு கண்ணு. அலாரம்மா அன்று துடைத்த இடத்தையே துடைத்தாள்.

சாயங்கால வண்டிக்காரர்களை எழுப்புகிற நேரம் நெருங்கியது. கால் புக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடைக்குள் வந்தாள். அறைகள் எல்லாம் நிறைந்திருந்தன. மூச்சு, மூச்சு, மூச்சு. இருட்டுக்குக் கண் பழகும் வரை நின்றாள். பிறகு விசில்காரர் கதவுக்குப் போனாள். தட்டுவதற்கு விரலை உயர்த்தியவள், தட்டவில்லை. பலகையில் உதட்டை வைத்து, மூச்சுக்காற்றாக, "மஞ்சள்" என்றாள்.

உள்ளே உடனே, "பச்சை."

பலகையை இன்னும் நெருங்கி, "சிவப்பு" என்றாள்.

"பச்சை" என்றார் அவர். கலக்கமே இல்லாத குரல்.

அப்போது எதிர் அறையிலிருந்து யாரோ, "சிவப்பு" என்றார். அதற்கு அடுத்த அறையில், "சிவப்பு." இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடை நெடுக, தூங்குகிறவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கட்டை விழுந்த மாதிரி கனத்த குரல், பையன் குரல், பல் கட்டினவரின் குழறல். கடைசியில் கோடி அறையிலிருந்து சின்னவள், "சிவப்பு" என்றாள். யாரும் விழிக்கவில்லை. ஒரு கட்டில்கூட அசையவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு, குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லுகிறவர் போல, விசில்காரர் பொறுமையாகச் சொன்னார்: "பச்சை."

அலாரம்மா கால் புக்கை மூடினாள். அந்தக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசல் கதவின் அடியில் தெரிந்த வெளிச்சம் வெளுப்பிலிருந்து பழுப்பானது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சாயங்கால வண்டிக்காரரை எழுப்பலையா? ஸ்டேஷன்லேர்ந்து கேக்குறாங்க."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஸ்பேர் டிரைவரை வரச் சொல்லுங்க. அசிஸ்டெண்டும் வேற ஆள் வேணும்."

வாட்ச்மேன் அவள் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை. "யாரு சொன்னதுன்னு கேப்பாங்களே?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள். கால் புக்கை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாட்ச்மேன் போன கொஞ்ச நேரத்தில் கதவு தானாகத் திறந்தது. எழுப்பாவிட்டாலும் டிரைவரின் உடம்புக்கு நேரம் தெரியும். விசில்காரர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு இருட்டில் நின்றார்.

"ஏன்மா எழுப்பல?"

அவள் தரையிலிருந்து எழுந்து நின்றாள்.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. நீயா?"

"ஆமாங்கய்யா."

"என்னன்னு கூப்பிட்டே?"

"சிவப்புன்னு."

அவர், தன் உடம்பில் எங்கே கட்டி என்று டாக்டரிடம் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார். "நான் என்ன சொன்னேன்?"

"பச்சைன்னு."

அவர் உள்ளே திரும்பித் தடவி, தன் டார்ச்சை எடுத்து வந்தார். டிரைவர்கள் வைத்திருக்கிற, மூன்று நிறமும் காட்டுகிற டார்ச். அதை அவள் கையில் கொடுத்தார். "அந்தக் கோடிக்குப் போ. போய்க் காட்டு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். பேச்சுச் சத்தத்தில் சின்னவள் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடையின் ஒரு கோடியில் அண்ணி, மறு கோடியில் நாத்தனார். வீட்டில் பயிற்சி செய்தபோது நின்ற அதே மாதிரி. நடுவில் மட்டும் ஒரு ஆள் கூடுதல்.

அலாரம்மா சிவப்பைக் காட்டினாள்.

அவர் சொல்லவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். யாரோ முதலில் சொல்வதற்காக அவர் காத்திருக்கிறார் என்று சின்னவளுக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டாள்.

"பச்சை" என்றார் அவர். பிறகு, "சரிதானே?"

அலாரம்மா சிவப்பை அணைத்தாள்.

"இன்னொண்ணு காட்டு."

அலாரம்மாவின் விரல் பொத்தானில் இறங்க மறுத்தது. டார்ச் அணைந்தே கிடந்தது. நடை முழுக்க இருட்டு.

அந்த இருட்டைப் பார்த்து அவர் சொன்னார்: "பச்சை."

சின்னவளிடமிருந்து ஒரு விம்மல் வந்தது. அதில் அவருக்குத் தெரிந்துவிட்டது. சுவரோடு சாய்ந்து மெல்ல உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா நடுவுல ஒண்ணு நிக்குதும்மா" என்றார். "சின்னதாத்தான் வந்துச்சு. எங்க பார்த்தாலும் அங்க ஒரு பச்சை. தட்டுல, சுவத்துல, என் பேத்தி முகத்துல. கண்ணை மூடினாலும் போகல. புள்ளிப் புத்தகம் எனக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்துல எந்த எண்ணுன்னு தூக்கத்துலகூடச் சொல்லுவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இவ கண்ணு நல்ல கண்ணு. அது போதும்னு நெனச்சேன்."

"அந்தக் கண்ணு இன்னைக்கு மூடிக்கிச்சு சார்" என்றாள் சின்னவள். வீங்கிய கண்ணைப் பற்றி அவரிடம் அவளும் சொல்லியிருக்கவில்லை. காலையில் இறங்கியபோது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை.

தண்டவாளப் பக்கமிருந்து சாயங்கால வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. வேறு யாரோ ஓட்டினார்கள். விசில் சின்னதாக, அவசரமாக ஒலித்து நின்றது. விசில்காரர் அந்தச் சத்தம் தேய்கிற வரை தலையைச் சாய்த்தே வைத்திருந்தார்.

விசாரணைக்கு அலாரம்மாவைக் கூப்பிட்டார்கள். ஏன் எழுப்பவில்லை என்று அதிகாரி கேட்டார். அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "நான்தான் எழுப்ப வேண்டாம்னு சொல்லியிருந்தேன். கண் பரீட்சைக்குப் போகலாம்னு" என்று விசில்காரர் முந்திக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்தது. அவர் டார்ச் மேஜைக்குப் போனார். சின்னவளுக்குக் கண் ஆறியது. வரிசையில் கடைசிக்குப் போனாள்.

கொஞ்ச காலம் அவள் அண்ணியோடு பேசவில்லை. "என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் ஒரு நாள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

சின்னவள் யோசித்தாள். "மூணு கண்ணு போதும்னு சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு பேசத் தொடங்கினார்கள்.

இப்போது அவள் டிரைவர். அவளுக்கு ஒரு அசிஸ்டெண்ட் உண்டு. வண்டிக்குப் போகும்போது விசில்காரர் மேஜையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும், "முதல்ல நீ பார்த்துச் சொல்லு. அப்புறம் அவன் சொல்லட்டும்" என்பாராம்.

அவர் படுத்த அறையின் பலகையைக் கரையான் அரித்துவிட்டது. கட்டிலை எடுத்துவிட்டுப் பூட்டு போட்டிருக்கிறார்கள். சாவி வாட்ச்மேனிடம்.

போன வாரம் ஒரு மத்தியானம் அலாரம்மா கோடி அறைப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சின்னவள் தூக்கத்தில், "மஞ்சள்" என்றாள். பதில் சொல்ல அலாரம்மா குனிந்து வாயைத் திறந்தாள்.

பூட்டிய அறையிலிருந்து மெதுவாக, "மஞ்சள்" என்று வந்தது.

சின்னவள் நிம்மதியாகப் புரண்டு படுத்தாள். அலாரம்மா ஈரத் துணியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். பதில் சரிதான். ஆனால் அவர் அதைப் பார்த்துச் சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா?